காதுக்குள் சுவர்க்கோழி கத்துகிறதா?

தீபாவளி கழிந்து இரண்டு வாரம் ஆனால் தில்லியில் மின்விசிறியை நிறுத்திவிடுகிறோம். ஏழெட்டு மாதமாகத் தலைக்கு மேல் ஓயாமல் சுற்றிக்கொண்டிருந்த சத்தம் ஒரே இரவில் நின்றுபோகிறது. கூலரும் ஓய்ந்துவிட்டது. ஜன்னலைச் சாத்தி, ரஜாயை இழுத்துப் போர்த்திக்கொண்டு படுத்தால் வீடே நிசப்தம். அந்த நிசப்தத்தில்தான் பலருக்கு முதல் முறையாக அது காதில் விழுகிறது. சிலருக்கு ‘கீ’ என்று விசில் மாதிரி. சிலருக்குச் சுவர்க்கோழி கத்துவது மாதிரி. இன்னும் சிலருக்குத் தூரத்தில் ரயில் இன்ஜின் நீராவி விடுவது மாதிரி. எழுந்து உட்கார்ந்து மனைவியை எழுப்பி, “உனக்கு ஏதாவது கேட்கிறதா?” என்றால், “ஒன்றுமில்லையே, பேசாமல் படுங்கள்” என்கிறாள்.

ராமகிருஷ்ணபுரத்தில் சர்க்கார் குவார்ட்டர்ஸில் இருக்கும் நண்பர் ஒருவருக்கு இப்படித்தான் ஆரம்பித்தது. வயது ஐம்பத்தேழு. ஓய்வு பெற இன்னும் மூன்று ஆண்டு. பெண்ணுக்கு வரன் பார்த்துக்கொண்டிருந்த சமயம். முதல் வாரம் குளிரினால் என்று நினைத்து மப்ளரைக் காதோடு சுற்றிக்கொண்டார். சத்தம் அதிகமாயிற்று. இரண்டாவது வாரம் பக்கத்து வீட்டுக்காரர் சொன்னபடி நல்லெண்ணெயில் பூண்டைப் போட்டுக் காய்ச்சி இரண்டு காதிலும் விட்டுக்கொண்டார். மூன்றாவது வாரம் கனாட் பிளேஸ் புல்வெளியில் சிவப்புத் தலைப்பாகையில் ஊசியும் பஞ்சும் செருகிக்கொண்டு உலாவும் ‘கான் ஸாப்வாலா’ ஒருவரிடம் காதைக் கொடுத்தார். அவர் உள்ளே துழாவி, கடுகு அளவில் ஒரு கல்லை எடுத்து உள்ளங்கையில் வைத்துக் காட்டினாராம். அந்தக் கல் காதிலிருந்து வந்ததா, கையிலிருந்து வந்ததா என்பது எனக்கு இன்றுவரை சந்தேகம். நான்காவது வாரம் வலது காதில் சீழ் வைத்துக்கொண்டது. சத்தம் மட்டும் போகவில்லை.

அவரை நான் பார்த்தபோது சட்டைப் பையில் ஒரு விண்ணப்பம் இருந்தது. விருப்ப ஓய்வு கேட்டு எழுதியது. “ஸார், காது போய்க்கொண்டிருக்கிறது. அதற்கப்புறம் மூளை. ஆபீஸில் நாலு பேர் சிரிக்கும் முன்னால் நானே விலகிவிடுகிறேன்” என்றார். பத்து நாளாகத் தூக்கமில்லை. பெண் பார்க்க வருகிறவர்களிடம் இதைச் சொல்ல வேண்டுமா, மறைக்க வேண்டுமா என்று வேறு கணவன் மனைவிக்குள் தகராறு.

விண்ணப்பத்தைக் கொடுக்குமுன் காது, மூக்கு, தொண்டை டாக்டர் ஒருவரைப் பார்த்துவிடலாம் என்று வற்புறுத்தி அழைத்துப் போனேன். டாக்டர் முதலில் சீழுக்கு மருந்து கொடுத்தார். அது ஆறியதும் ஓசை புகாத சிறு அறையில் உட்கார வைத்து ஆடியோமெட்ரி என்ற கேட்புச் சோதனை செய்யச் சொன்னார். பிறகு ஒரே ஒரு கேள்வி கேட்டார்: “இது தொடங்கிய வாரத்தில் வீட்டில் என்ன மாறியது?” நண்பர் யோசித்து, ஒன்றும் மாறவில்லை என்றார். “மின்விசிறியை நிறுத்தவில்லையா?” என்றார் டாக்டர்.

இதற்கு டாக்டர்கள் வைத்திருக்கும் பெயர் டின்னிடஸ். மணி அடிப்பது என்று பொருள்படும் லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. நாம் காதிரைச்சல் என்போம். வெளியே சத்தம் எதுவும் இல்லாதபோது காதிலோ தலையிலோ ஒலி கேட்பது. 2022இல் வெளியான ஒரு பெரிய தொகுப்பாய்வு உலகம் முழுவதிலும் இருந்து கணக்குகளைச் சேர்த்துப் பார்த்து, வயது வந்தவர்களில் ஏறக்குறைய 14 சதவிகிதம் பேருக்கு இது உண்டு என்று மதிப்பிட்டது. அதாவது 74 கோடி பேருக்கு மேல். அவர்களில் 12 கோடி பேருக்கு இது பெரிய தொல்லை. மீதிப் பேர் கேட்டும் கேட்காமலும் காலம் தள்ளுகிறார்கள். கூடியிருக்கும் நாலு பேரிடம் சொன்னால் சிரிப்பார்கள் என்று என் நண்பர் பயந்தாரே, அந்த ஆபீஸிலேயே அவரைப் போல இன்னும் பத்துப் பேராவது இருப்பார்கள். யாரும் வாய் திறப்பதில்லை, அவ்வளவுதான்.

நிசப்தம் என்பது கிடையாது

ஊரில் சில வீடுகளில் பாட்டிமார் ஒன்று சொல்வார்கள். இரண்டு காதையும் விரலால் பொத்திக்கொண்டால் ‘ஓ’ என்று இரைச்சல் கேட்க வேண்டும். கேட்காவிட்டால் ஆயுள் முடிந்துவிட்டது என்று அர்த்தம். ஆயுள் கணக்கை விட்டுவிடுவோம். காதைப் பொத்தினால் யாருக்கும் ஏதோ ஒன்று கேட்கும் என்பதைப் பாட்டி சரியாகத்தான் கவனித்திருக்கிறாள்.

1953இல் அமெரிக்காவில் ஹெல்லர், பெர்க்மன் என்ற இரண்டு ஆராய்ச்சியாளர்கள் இதைச் சோதித்து எழுதினார்கள். காது நன்றாகக் கேட்கும் எண்பது பேரை ஒவ்வொருவராக ஓசை புகாத அறைக்குள் உட்கார வைத்து, என்ன கேட்கிறது என்று சொல்லச் சொன்னார்கள். அறையில் ஒலி எதுவும் எழுப்பப்படவில்லை. ஆனாலும் நூற்றுக்கு 94 பேர் ஏதோ ஒன்று கேட்டதாகச் சொன்னார்கள். ரீங்காரம், மணி, இரைச்சல், விசில் என்று காதிரைச்சல்காரர்கள் சொல்லும் அதே வர்ணனைகள். இவர்கள் யாரும் காது வலி என்று ஆஸ்பத்திரிக்கு வந்தவர்கள் அல்லர்.

நம் கேட்கும் உறுப்புகள் வேலை செய்யும்போது எழும் சிறு ஓசை எல்லாருக்கும் உள்ளே இருக்கிறது. வெளிச் சத்தம் அதை மூடி வைத்திருக்கிறது. மூடியை எடுத்தால் தெரிகிறது. மின்விசிறி செய்வது அந்த மூடியின் வேலை. சும்மா இருக்கும்போது ஒரு காதில் திடீரென்று ‘கிய்ங்’ என்று கேட்டு, அரை நிமிஷத்தில் தேய்ந்து மறைவதும் இப்படித்தான். யாரோ நம்மைப் பற்றிப் பேசுகிறார்கள் என்பார்கள். பேசினால் பேசட்டும். அதற்கு வைத்தியம் வேண்டாம்.

என் நண்பருக்கு இருந்தது இதைவிடச் சற்றுக் கூடுதல். சோதனையில் ஒரு விஷயம் தெரிந்தது. கீழ்ச் சுருதி ஒலிகள் நன்றாகக் கேட்கின்றன. மேல் சுருதி ஒலிகள் இரண்டு காதிலும் ஒரே அளவில் மங்கியிருக்கின்றன. வயதாக ஆகப் பலருக்கும் நேருவது. அவருக்கே தெரியவில்லை. “பெண் பேசுவது சில சமயம் புரியாது. அவள் வாய்க்குள்ளேயே பேசுகிறாள் என்று கோபித்துக்கொள்வேன்” என்றார்.

உட்காதில் நத்தைக்கூடு போலச் சுருண்ட ஓர் உறுப்பு இருக்கிறது. அதற்குள் ஏறத்தாழ பதினைந்தாயிரம் நுண்ணிய ரோம அணுக்கள். ஒலி அலையை நரம்புச் செய்தியாக மாற்றி மூளைக்கு அனுப்புகிறவை இவை. வயது, பெரும் சத்தம், சில மருந்துகள் ஆகியவற்றால் இவை பழுதாகின்றன. மனிதனுக்கு இவை திரும்ப முளைப்பதில்லை. மேல் சுருதிச் செய்தி வருவது குறைந்தவுடன் மூளை என்ன செய்கிறது? வானொலியில் நிலையம் மங்கினால் நாம் ஒலியைக் கூட்டுகிறோம் அல்லவா? நிலையம் கிடைக்காமல் ‘உஸ்’ என்ற இரைச்சல்தான் பெரிதாகக் கேட்கும். மூளையும் அப்படியே குமிழைத் திருகுகிறது. அந்த ‘உஸ்’தான் பெரும்பாலான காதிரைச்சல் என்று இன்று கருதப்படுகிறது. காலை இழந்தவர்களுக்கு இல்லாத காலில் அரிப்பெடுப்பதுண்டு என்பார்கள். அதற்கு உறவுக்காரன் இது.

ஆகவே ஒலி காதில் கேட்பதுபோல் இருந்தாலும் அது நீடிப்பது மூளையின் கேட்கும் பகுதிகளில். கேட்கும் நரம்பில் கட்டி வந்து, அறுவையில் அந்த நரம்பையே வெட்ட நேர்ந்த நோயாளிகளிலும் பலருக்கு இரைச்சல் தொடர்ந்திருக்கிறது. நரம்பையே வெட்டினாலும் போகாதது, பூண்டு எண்ணெய்க்கா போய்விடும்?

எண்ணெய், குச்சி, டானிக்

குறும்பி அடைத்துக்கொண்டு இரைச்சல் வருவது உண்மையிலேயே உண்டு. அதை டாக்டர் கருவியால் பார்த்து எடுத்துவிட்டால் சிலருக்கு அன்றைக்கே சரியாகும். அந்தச் சிலரின் அனுபவம்தான் ஊரெல்லாம் பரவி, காதிரைச்சல் என்றாலே அழுக்கு என்ற எண்ணத்தை உண்டாக்கியிருக்கிறது. சேப்டி பின், தீக்குச்சி, சாவி, கடையில் விற்கும் பஞ்சுக் குச்சி எதுவானாலும் குறும்பியை வெளியே கொண்டுவருவதைவிட உள்ளே தள்ளுவதே அதிகம். குறும்பி அழுக்கும் அல்ல. காதின் தோலைக் காக்கச் சுரப்பது. சாதாரணமாகத் தானே வெளியே வந்துவிடும்.

எண்ணெய் விஷயத்தில் ஒன்று சொல்ல வேண்டும். செவிப்பறையில் ஓட்டை இருந்தால் அது உங்களுக்குத் தெரியாது. சின்ன வயதில் சீழ் வடிந்த காதில் ஓட்டை நிலைத்திருக்கலாம். அதன் வழியே எண்ணெய் நடுக்காதுக்குள் போனால் என்ன ஆகும் என்பதற்கு என் நண்பர் சாட்சி. ஓட்டை இல்லாவிட்டாலும், ஜூலை ஆகஸ்டு புழுக்கத்தில் எண்ணெய்ப் பிசுக்கோடு இருக்கும் காதில் பூஞ்சைக் காளான் வளரும். காய்ச்சிய எண்ணெயின் சூட்டைக் கைவிரலில் பார்த்துவிட்டுக் காதில் விடுகிறவர்களைப் பற்றி என்ன சொல்ல?

அடுத்தது நரம்புத் தளர்ச்சி வைத்தியம். பஸ் நிலையச் சுவர்களில் எழுதியிருக்கும் எல்லா நோய்களோடும் இதையும் சேர்த்திருப்பார்கள். விட்டமின் மாத்திரை, துத்தநாக மாத்திரை, கிங்கோ என்ற மரத்தின் சாறு என்று விலை உயர்ந்த சரக்குகளும் உண்டு. அமெரிக்கக் காது மூக்கு தொண்டை நிபுணர்கள் சங்கம் ஆய்வுகளையெல்லாம் பரிசீலித்து 2014இல் வெளியிட்ட வழிகாட்டுதலில், நீடித்த காதிரைச்சலுக்குக் கிங்கோவும் மெலட்டோனினும் துத்தநாகமும் இதர சத்து மாத்திரைகளும் பரிந்துரைக்கத் தக்கவை அல்ல என்று தெளிவாகச் சொல்லிவிட்டது. இரத்த சோகை, தைராய்டு போன்ற வேறு குறை இருந்தால் அதற்கு மருந்து வேண்டும்தான். அதை இரத்தப் பரிசோதனை சொல்லட்டும், சுவரொட்டி சொல்ல வேண்டாம்.

சில மருந்துகளே இரைச்சலை உண்டாக்கும். ஆஸ்பிரினை அதிக அளவில் சாப்பிட்டால் காது இரையும். நிறுத்தினால் பெரும்பாலும் போய்விடும். மலேரியாவுக்குக் கொடுத்த கொயினாவுக்கு இந்தக் குணம் பிரசித்தம். ஜென்டாமைசின், அமிக்காசின், ஸ்ட்ரெப்டோமைசின் ஊசிகள் உட்காதைப் பழுதாக்கக் கூடியவை. அந்தச் சேதம் திரும்பாது. க்ஷயரோகத்துக்கு முன்பு ஸ்ட்ரெப்டோமைசின் ஊசி போட்டுக்கொண்டவர்கள் அதை டாக்டரிடம் மறக்காமல் சொல்ல வேண்டும். அதற்காக இப்போது சாப்பிடும் மருந்தை நீங்களாகவே நிறுத்திவிடாதீர்கள்.

காபியை விட வேண்டுமா?

நம்மவர்களிடம் இந்தப் பேச்சை எடுத்தால் கடைசியில் இந்தக் கேள்விக்கு வந்து நிற்கும். காதிரைச்சல் என்றதும் காபியை நிறுத்து என்று சொல்லும் வழக்கம் வெளிநாட்டு டாக்டர்களிடமும் நெடுங்காலம் இருந்தது. கரோல் பாக்கில் வறுத்து அரைத்த பொடியை வாங்கி வந்து, டிகாக்ஷன் இறங்கும் வரை பேசாமல் காத்திருக்கும் ஜாதி நாம். குளிர்காலத்துக் காலை ஆறு மணிக்கு அதையும் விடு என்றால் தலைநகர் வாழ்க்கையில் மிச்சம் என்ன?

நல்ல செய்தி உண்டு. இங்கிலாந்தில் பிரிஸ்டல் ஆராய்ச்சியாளர்கள் இதைச் சோதித்து 2010இல் முடிவை வெளியிட்டார்கள். காதிரைச்சல் உள்ள 66 பேருக்குச் சில நாள் காபீன் உள்ளதும் சில நாள் இல்லாததுமாக, எது எது என்று அவர்களுக்குத் தெரியாமல் கொடுத்தார்கள். காபீனை விட்டதால் இரைச்சல் குறையவில்லை. விட்ட நாட்களில் தலைவலியும் குமட்டலும்தான் வந்தன. பிறகு 2014இல் அமெரிக்காவில் அறுபத்தையாயிரம் நர்ஸுகளைப் பதினெட்டு ஆண்டு தொடர்ந்து கவனித்த கணக்கு ஒன்று வந்தது. அதில் காபீன் அதிகம் சாப்பிட்ட பெண்களுக்குக் காதிரைச்சல் வந்தது குறைவாகவே இருந்தது. காபி தடுத்தது என்று இதற்கு அர்த்தமில்லை. அப்படி நினைத்துக்கொண்டு நாளைக்கு ஆறு டம்ளர் குடிக்க வேண்டாம். ஆனால் காதுக்காகக் காபியை விட வேண்டியதில்லை. என் நண்பரின் மனைவி அதையும் நிறுத்தி வைத்திருந்தார். பாவம், அவர் தலைவலியையும் மூளை நோயின் அடுத்த கட்டம் என்று குறித்து வைத்திருந்தார்.

ஆவாஜ் என்ற வார்த்தை

இனி நம் போன்ற வெளியூர்க்காரர்களுக்கே உரிய ஒரு சங்கடம்.

திரிலோக்புரிப் பக்கம் குடியிருக்கும் கட்டிட வேலைக்காரர் ஒருவர், தரை உடைக்கும் மெஷினோடு பல வருஷம் வேலை செய்தவர், காதிரைச்சல் தாங்காமல் ஓர் ஆஸ்பத்திரிக்குப் போனார். தெரிந்த இந்தியில், “கான் மே ஆவாஜ் ஆத்தா ஹை, ராத் பர்” என்றார். இரவு முழுக்கக் காதில் சத்தம் என்பது அவர் எண்ணம். இந்தியில் ஆவாஜ் என்பது சத்தத்துக்கும் பெயர், குரலுக்கும் பெயர். “என்ன சொல்கிறது?” என்று கேட்டார்கள். அவர் கேள்வி புரியாமல் தலையை ஆட்டினார். மனநோய்ப் பிரிவுக்குச் சீட்டு எழுதிக் கொடுத்துவிட்டார்கள். அதைப் படித்துச் சொன்னவர் வேறு குடும்பத்தாரிடம் சொல்லிவிட, ஊருக்குச் செய்தி போய், மாமனார் பெண்ணை அழைத்துப் போக ரயிலேறி வந்துவிட்டார்.

தமிழில் சத்தம் வேறு, குரல் வேறு. ஆள் பேசுவதுபோல், திட்டுவதுபோல், கட்டளையிடுவதுபோல் குரல் கேட்பது வேறு விஷயம். அதற்கு மனநல டாக்டரைத்தான் பார்க்க வேண்டும். அதுவும் மறைக்கவோ வெட்கப்படவோ வேண்டிய நோயல்ல. ஆனால் விசிலும் இரைச்சலும் பைத்தியத்தின் அறிகுறி அல்ல. ஆகையால் டாக்டரிடம், “கான் மே ஸீட்டி பஜ்தீ ஹை” என்று சொல்லுங்கள். விசில் அடிக்கிறது என்று அர்த்தம். காற்று இரைவதுபோல் இருந்தால் “ஸாய்ன் ஸாய்ன்” என்றால் எந்த இந்திக்காரருக்கும் புரியும். ஒரு காது என்றால் “ஏக் கான் மே”. இரண்டும் என்றால் “தோனோ கான் மே”. நாடித் துடிப்போடு சேர்ந்து அடித்தால் “நப்ஜ் கே ஸாத்”. இந்த மூன்று நான்கு சொற்களை ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி எடுத்துக்கொண்டு போனாலும் தவறில்லை.

ஒரு காதா, இரு காதா என்பது சம்பிரதாயக் கேள்வியல்ல. ஒரே காதில் மட்டும் நீடித்துக் கேட்கிற இரைச்சலையும், இருதயத் துடிப்போடு சேர்ந்து ‘டப் டப்’ என்று கேட்கிற இரைச்சலையும் டாக்டர் பார்த்தே தீர வேண்டும். முன்னதில் எப்போதாவது நரம்புக் கட்டியும், பின்னதில் இரத்தக்குழாய்க் கோளாறும் இருக்கக்கூடும். தலையில் அடிபட்ட பிறகு வந்தாலும், தலைசுற்றலோ முகத்தில் ஒரு பக்கம் இழுத்துக்கொள்வதோ சேர்ந்து வந்தாலும் தாமதிக்கக் கூடாது. எல்லாவற்றிலும் அவசரமானது, ஒரே நாளில் அல்லது இரண்டு மூன்று நாளில் ஒரு காது திடீரென்று மந்தமாகிவிடுவது. சளி அடைத்திருக்கிறது என்று ஆவி பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடாதீர்கள். அன்றே ஓடுங்கள். ஸ்டீராய்டு மருந்து முதல் இரண்டு வாரத்துக்குள் கொடுத்தால்தான் காது திரும்பும் வாய்ப்பு அதிகம்.

சத்தம் தின்னும் காது

கட்டிட வேலைக்காரரின் காதை இறுதியில் சோதித்தபோது, மெஷின் சத்தத்தினால் வந்த சேதம் என்று தெரிந்தது. அவருக்கு வயது முப்பத்தெட்டுதான். நாராயணா, வஜீர்பூர், மாயாபுரி, ஓக்லா தொழிற்பேட்டைகளில் பிரஸ்ஸிலும் லேத்திலும் தகட்டுப் பட்டறையிலும் நிற்கிற நம்மவர்கள், “பழகிவிட்டது ஸார்” என்பார்கள். காது பழகுவதில்லை, கேட்காமல் போகிறது. கைநீட்டும் தூரத்தில் இருப்பவரிடம் கத்திப் பேச வேண்டியிருந்தால் அந்த இடத்தின் சத்தம் ஆபத்தானது என்று வைத்துக்கொள்ளலாம். 85 டெசிபலில் எட்டு மணி நேரம் என்பது அமெரிக்கத் தொழில் சுகாதார நிறுவனம் சொல்லும் எல்லை. அதற்கு மேல் மூன்று டெசிபல் கூடினால் நேரம் பாதியாகக் குறைய வேண்டும். நம் நாட்டுத் தொழிற்சாலை விதிகள் வெகுகாலம் 90 டெசிபல் வரை அனுமதித்து வந்தன. பஞ்சு வைத்துக்கொண்டால் போதும் என்பது இன்னொரு தப்பெண்ணம். சாதாரணப் பஞ்சு சத்தத்தை அவ்வளவாகத் தடுக்காது. ரப்பர் அல்லது நுரை அடைப்பான் வேண்டும். காதை மூடும் மப் இன்னும் மேல்.

இரைச்சலால் வரும் செவிட்டுத்தன்மை 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் நோய்ப் பட்டியலிலேயே இடம்பெற்றிருந்தது. தொழிலாளர் நஷ்டஈட்டுச் சட்டத்திலும் தொழில்நோயாகக் கருதப்பட்டது. இ.எஸ்.ஐ. அட்டை இருப்பவர்கள் தங்கள் டிஸ்பென்ஸரியில் சொல்லி ஓக்லாவிலோ பஸாய்தாராபூரிலோ உள்ள இ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரிக்குச் சீட்டு வாங்கலாம். கேட்புச் சோதனையின் காகிதத்தைப் பத்திரமாக வைத்திருங்கள். வேலையில் சேர்ந்த புதிதிலேயே ஒன்று எடுத்து வைத்திருந்தால் பின்னால் பேசுவதற்கு ஆதாரம்.

குமாஸ்தாக்களுக்கு இதெல்லாம் இல்லை என்று நினைக்க வேண்டாம். கல்யாண ஊர்வலத்தில் பேண்டுக்கு முன்னால் ஒரு மணி நேரம் ஆடிவிட்டோ, தீபாவளிக்கு அணுகுண்டு வெடித்துவிட்டோ வந்து படுக்கும்போது காது ‘கொய்’ என்கிறதே, அது உட்காது கொடுக்கும் முன்னறிவிப்பு. ஓரிரு நாளில் அடங்கிவிடும். ஒவ்வொரு முறையும் அடங்கும் என்று உத்தரவாதமில்லை.

என்னதான் வழி?

“இதற்கு மருந்தில்லை, பழகிக்கொள்ளுங்கள்” என்று சில டாக்டர்கள் இரண்டே வாக்கியத்தில் அனுப்பிவிடுகிறார்கள். முதல் பாதி பெரும்பாலும் சரி. நீடித்த இரைச்சலை அணைத்துவிடும் மாத்திரை இன்னும் கிடையாது. இரண்டாம் பாதியில் எப்படிப் பழகுவது என்று சொல்லாமல் விடுவதுதான் குறை. பழகுவதற்கு முறை இருக்கிறது.

கேட்பு மங்கியிருந்தால் காது மெஷின் வைத்துக்கொள்வது முதல் காரியம். வெளிச் சத்தம் சரியாக வந்தவுடன் மூளை குமிழைத் தணிக்கிறது. பலருக்கு இரைச்சல் பின்னுக்குப் போகிறது. மெஷின் வைத்தால் கிழவன் என்பார்களே என்று தயங்குகிறவர்கள் கண்ணாடிக்கு மட்டும் தயங்குவதில்லை. மத்திய சர்க்கார் ஊழியர்களுக்கு, 1954இல் இதே தில்லியில் தொடங்கிய சி.ஜி.எச்.எஸ். திட்டத்தில், நிபுணர் பரிந்துரைத்தால் ஒரு வரம்புக்குள் மெஷினின் விலை கிடைக்கும். வருமானம் குறைந்தவர்களில் கேட்புக் குறை சான்றிதழ் பெறும் அளவுக்கு இருப்பவர்களுக்கு 1981 முதல் ‘அடிப்’ என்ற மத்திய உதவித் திட்டம் உண்டு.

இரவில் முழு நிசப்தம் வேண்டாம். குளிர்காலமானாலும் ஒரு சின்ன மேஜை விசிறியைச் சுவரைப் பார்த்துத் திருப்பி ஓடவிடலாம். இப்போது கைபேசியிலேயே மழை பெய்யும் ஓசை கிடைக்கிறது. இரைச்சலை முழுக்க அமுக்கும் அளவுக்குச் சத்தமாக வைக்கக் கூடாது; அதற்குக் கொஞ்சம் கீழே இருந்தால் போதும். வீட்டில் அமைதியான நேரத்திலும் காதை அடைத்துக்கொண்டு திரிகிறவர்கள் நிலைமையை மோசமாக்கிக்கொள்கிறார்கள். என் நண்பரின் மப்ளர் வைத்தியம் தோற்றது இதனால்தான்.

பயம் இதில் பெரிய பங்காளி. இரைச்சலை மூளை ஆபத்தின் அடையாளமாக எடுத்துக்கொண்டால் இடைவிடாமல் அதையே கவனிக்கும், கவனித்தால் பெரிதாகும், பெரிதானால் தூக்கம் கெடும், தூக்கம் கெட்டால் மறுநாள் இன்னும் பெரிதாகும். இந்தச் சுழலை உடைக்கப் பயிற்சி பெற்ற மனநல ஆலோசகர்கள் சில வாரங்கள் பேச்சாலும் பயிற்சியாலும் செய்யும் சிகிச்சை ஒன்று உண்டு. அது சத்தத்தின் அளவைக் குறைப்பதில்லை. சத்தத்தால் வரும் தொல்லையைக் குறைக்கிறது என்று ஆய்வுகள் காட்டுகின்றன. இரைச்சல் தாங்காமல் உயிரை விட்டுவிடலாமா என்று தோன்றும் அளவுக்குப் போனவர்களும் இருக்கிறார்கள். அப்படித் தோன்றினால் வீட்டாரிடம் சொல்லுங்கள். 14416 என்ற எண்ணில் அரசாங்கத்தின் டெலிமானஸ் உதவி இருக்கிறது, கட்டணமில்லை, தமிழிலும் பேசலாம்.

பக்தி மிகுந்த சிலர் இதை அநாகத நாதம் என்று சொல்லி ஆனந்தப்படுவதுண்டு. யோகிகளோடு எனக்கு வழக்கில்லை. சத்தத்தைக் கண்டு நடுங்குகிறவர்களைவிட இவர்கள் நன்றாகத் தூங்குகிறார்கள் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் ஒரு தடவை ஆடியோமெட்ரி செய்துகொண்டு ஆனந்தப்படலாம்.

கட்டிட வேலைக்காரர் இப்போது காது மப் மாட்டிக்கொண்டு வேலை செய்கிறார். இரைச்சல் போகவில்லை, மாமனார் ஊருக்குத் தனியாகத் திரும்பிப் போனார். ராமகிருஷ்ணபுரம் நண்பர் விண்ணப்பத்தைக் கொடுக்கவில்லை. பெண்ணுக்குக் கல்யாணமும் ஆயிற்று. காது மெஷின் வாங்கிக்கொண்டார். டிசம்பர் குளிரில் ரஜாயைப் போர்த்திக்கொண்டு மின்விசிறியும் ஓடவிட்டுப் படுப்பதைப் பற்றி அவர் மனைவிக்குத்தான் இன்னும் சமாதானம் ஆகவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை மலைமந்திர் படிக்கட்டில் அவரைப் பார்த்தேன். “இப்போது எப்படி ஸார், சத்தம் கேட்கிறதா?” என்றேன்.

“நீங்கள் கேட்கிற வரைக்கும் கேட்கவில்லை” என்றார்.